மட்டி, சிப்பி, நண்டு: கடலைக் காலி செய்யாமல் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடு உள்ள கடலுணவைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் எதிர்பார்க்கிறார்கள்: இதை வாங்கலாம், இதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் என்னிடம் இல்லை. ஒரே இன மட்டியை ஒரு கழிமுகத்தில் பொறுப்பாக எடுப்பார்கள், பக்கத்துக் கழிமுகத்தில் குஞ்சும் குளுவானுமாக வாரிக்கொண்டு போவார்கள், இதில் இனத்தின் பெயரை மட்டும் வைத்து என்ன முடிவு செய்வது? நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது? அதற்குச் சரியான பதில் கிடைத்தால் மற்ற கேள்விகளுக்கும் அநேகமாகப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். மட்டி எது, சிப்பி எது?

ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் இங்கே நான் எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்கிற, இரண்டு ஓடும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது மட்டி. சிப்பி என்பதில் மூன்றைப் பிரிக்கிறேன். பாறையிலோ இன்னொரு ஓட்டிலோ சிமென்ட் வைத்தது போல ஒட்டிக்கொண்டு கோணல்மாணலாக வளர்வது ஆய்ஸ்டர். உடம்பிலிருந்து வரும் நாரால் தன்னைக் கட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகத் தொங்குவது மஸல். ஓட்டைத் தட்டித் தட்டித் தண்ணீரில் துள்ளிப் போகிற விசிறி வடிவச் சிப்பி ஸ்காலப். இவை எல்லாம் இரட்டை ஓட்டு உயிர்கள். சங்கும் அபலோனும் ஒற்றை ஓடு, நத்தைக்குச் சொந்தம். இறால், நண்டு, சிங்கி இறால் மூன்றும் வேறு குடும்பம், அவற்றின் பிரச்சினைகளும் வேறு.

மீன் தீர்ந்துபோகும் என்கிறார்கள். மட்டி கோடிக்கணக்கில் முட்டை போடுகிறதே, அதுவுமா தீரும்?

தீரும். முட்டைக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இரட்டை ஓட்டு உயிர்களில் பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும், இரண்டும் சந்தித்தால்தான் குஞ்சு. நெருக்கமாக இருந்தால் சந்திக்கும், பத்து மீட்டருக்கு ஒன்று என்று ஆகிவிட்டால் கோடி முட்டை போட்டாலும் அத்தனையும் வீண். கலிபோர்னியா கடலில் வெள்ளை அபலோனுக்கு நடந்தது இதுதான். அளவுக்கு மீறி எடுத்தார்கள், மிச்சம் இருந்தவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்தனியாகக் கிடந்தன, பிடிப்பதை நிறுத்திய பிறகும் கூட்டம் தானாக மீளவில்லை. 2001-இல் அது அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது, அந்தப் பட்டியலில் ஏறிய முதல் முதுகெலும்பில்லாத கடல் உயிர் அதுதான்.

இன்னொன்று வயது. சில மட்டிகள் ஓரிரு ஆண்டில் பெரிதாகிவிடும், அடிக்கடி எடுத்தாலும் தாங்கும். சில தாங்காது. ஐஸ்லாந்து அருகே 2006-இல் எடுத்த குவாஹாக் இன மட்டி ஒன்றின் ஓட்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது வயது 507 என்று வந்தது. எண்ணுவதற்காக எடுத்ததிலேயே அது செத்தும் போனது, பாவம். குறைந்த காலத்தில் வளரும் இனமா, நூற்றாண்டுக் கணக்கில் வாழும் இனமா என்பது தெரிந்தால் எவ்வளவு எடுக்கலாம் என்பது பாதி புரிந்துவிடும்.

கையால் எடுத்தால் என்ன, இயந்திரத்தால் எடுத்தால் என்ன? அவ்வளவு வித்தியாசமா?

கடல் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டில் இறங்கி நின்று ஒருமுறை பாருங்கள். மட்டி மூச்சுக்குழலை உள்ளே இழுத்த இடத்தில் சாவித் துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை தெரியும். காலை அழுத்தி வைத்தால் பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சும். எடுப்பவர் பல் வைத்த வாரியால் விரல் நீளத்துக்கு மண்ணைக் கிளறி, சல்லடைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் அலசுவார். பெரியது கூடையில் நிற்கும், சின்னது கண்ணி வழியாக விழுந்து திரும்பவும் மண்ணுக்குள் போய்விடும். அடுத்த நாள் பார்த்தால் கிளறிய தடம் பாதி மறைந்திருக்கும்.

இழுவை வாரி வேறு கதை. படகுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் தரையை உழுதுகொண்டு வரும், சிலவற்றில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணையே இளக்கி மட்டியை மேலே கொண்டுவருவார்கள். புழு, கடல்புல், குஞ்சு மட்டி எல்லாம் கூடவே கலங்கும். எப்போதும் அலை புரட்டிக்கொண்டே இருக்கும் மணல் கடலில் இது பெரிய சேதம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், அந்தத் தரை புரளப் பழகியது. கடல்புல் திட்டிலும், ஆய்ஸ்டர் திட்டிலும், அமைதியான சேற்றுக் கழியிலும் உழுதால்தான் ஆண்டுக்கணக்கில் ஆறாது. நெதர்லாந்தின் வாடன் கடலில் கொக்கிள் மட்டியை உறிஞ்சும் வாரிகளால் எடுத்து வந்தார்கள், அதையே நம்பி வாழ்ந்த கரைப்பறவைகளுக்கு இரை இல்லாமல் போனது, பெரிய வழக்கும் விவாதமும் நடந்து 2005-இல் அந்த இயந்திர முறை அங்கே நின்றது. கையால் எடுப்பவர்கள் தொடர்கிறார்கள்.

அதற்காகக் கையால் எடுத்ததெல்லாம் புண்ணியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயிரம் கைகள் ஒரே திட்டில் இறங்கினால் அதுவும் ஒரு இயந்திரம்தான்.

ஓட்டைப் பார்த்தே எப்படி எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முழுதாக முடியாது, துப்பு கிடைக்கும். ஒரு கை நிறைய அள்ளிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் சல்லடை போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் நகம் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை கலந்து கிடந்தால் வந்ததை எல்லாம் வாரியிருக்கிறார்கள், அதில் இன்னும் ஒருமுறைகூட முட்டை போடாத குஞ்சு நிறைய இருக்கும். ஓட்டின் விளிம்பு சில்லு சில்லாக உடைந்தவை அதிகம் இருந்தால் இழுவை வாரியிலோ முரட்டுக் கையிலோ பட்டு வந்திருக்கலாம்.

அப்புறம் வளையம். ஓட்டின் மேல் கீலிலிருந்து விளிம்பு வரை கோடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கடைசி வளையங்கள் நெருங்கி நெருங்கி வந்தால் அது வளர்ச்சி குறைந்த முதிர்ந்த மட்டி, அகல அகலமாக இருந்தால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. வருடக் கணக்கைத் துல்லியமாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும், ஓட்டை அறுத்து மெருகேற்றிப் பார்ப்பார்கள். கடையில் நமக்கு இந்த அளவு போதும்.

பண்ணையில் வளர்த்தது என்றால் ஒதுக்க வேண்டுமா?

இங்கேதான் நிறைய பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மீன் பண்ணைக்கும் இறால் பண்ணைக்கும் தீவனம் வேண்டும், அந்தத் தீவனத்துக்கே சிறு மீன்களைப் பிடித்து அரைக்கிறார்கள். மஸலுக்கும் ஆய்ஸ்டருக்கும் மட்டிக்கும் ஒரு பிடி தீவனமும் தேவையில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும், தண்ணீரும் தெளியும். நன்றாக வளர்ந்த ஒரு ஆய்ஸ்டர் சாதகமான சூழலில் ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, சாதாரண நாளில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் மஸலை எடுக்கத் தரையைத் தொடவே வேண்டாம், கயிற்றை இழுத்தால் போதும். என்னைக் கேட்டால் கடலிலிருந்து வரும் புரதத்தில் மனசாட்சியோடு சாப்பிடக்கூடியதில் கயிற்று மஸலுக்கு மிஞ்சியது மிகக் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. அலையும் நீரோட்டமும் இல்லாத குட்டைபோன்ற இடத்தில் கணக்கு வழக்கில்லாமல் தொங்கவிட்டால் கழிவு கீழே குவிந்து தரையில் ஆக்சிஜன் குறையும். விதைக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உண்டாக்கினார்களா, இயற்கைத் திட்டுகளிலிருந்து சுரண்டினார்களா என்பதும் முக்கியம். வெளிநாட்டு இனத்தைக் கொண்டுவந்து வளர்த்தால் அது தப்பித்து உள்ளூர் இனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்: வளர்ப்புக்காக ஐரோப்பாவுக்கு வந்த பசிபிக் ஆய்ஸ்டர் இன்று அங்கே பல கரைகளில் தானாகப் பரவி நிற்கிறது. பிளாஸ்டிக் வலைப் பைகளும் தெர்மாகோல் மிதவைகளும் உடைந்து கரை ஒதுங்குவது தனித் தலைவலி.

கட்டுப்பாடு வைத்து உண்மையிலேயே மீண்டு வந்த இடம் இருக்கிறதா?

இருக்கிறது. கேரளாவின் அஷ்டமுடி காயல். அங்கே குறுங்கழுத்து மட்டி எடுப்பு 1990-களின் தொடக்கத்தில் சரிந்தது. அதன் பிறகு வந்த விதிகளைக் கவனியுங்கள், ஒவ்வொன்றும் சாமானிய ஆளுக்குப் புரியும் விதி: முட்டையிடும் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக் கூடாது, வலைக் கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஏற்றுமதி செய்யும் சதையில் ஒரு கிலோவுக்கு 1400 எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. படகைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம், வாங்குகிற இடத்தில் எண்ணிப் பார்த்தாலே குஞ்சு மட்டியை எடுத்தார்களா என்று தெரிந்துவிடும், குஞ்சுக்கு விலை இல்லை என்றால் யார் எடுப்பார்கள்? 2014-இல் இந்த மட்டி எடுப்பு, பொறுப்பான மீன்பிடிப்புக்குக் கொடுக்கும் எம்.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சான்றைப் பெற்றது, இந்தியாவில் அந்தச் சான்று வாங்கிய முதல் மீன்பிடிப்பு அதுதான்.

நீல முத்திரை, பச்சை முத்திரை எல்லாம் போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

நீல முத்திரை எம்.எஸ்.சி., 1997-இல் தொடங்கியது, பெரும்பாலும் கடலில் பிடித்ததற்கு. பச்சை முத்திரை ஏ.எஸ்.சி., 2010-இல் வந்தது, பண்ணையில் வளர்த்ததற்கு. கடலில் அந்த உயிர் எவ்வளவு இருக்கிறது, சூழலுக்கு வரும் சேதம், நிர்வாகம் என்று பல விஷயங்களை வெளியாட்கள் வந்து சோதித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். குறை சொல்பவர்களும் உண்டு, சில இழுவை மடிகளுக்கு (படகு பின்னால் இழுத்துக்கொண்டு போகும் பை வலை) கொடுத்தது சரியா என்ற சண்டை ஓயவில்லை. என் கருத்து: முத்திரை இருந்தால் ஓரளவு நிம்மதி, இல்லாவிட்டால் அது மோசம் என்று அர்த்தம் இல்லை. சோதனைக்குப் பணமும் காகிதமும் நிறைய வேண்டும், பத்துப் பேர் சேர்ந்து கையால் மட்டி எடுக்கும் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது.

முத்திரையே இல்லாத இடத்தில் வாங்குகிறேன். என்ன கேட்பது?

எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். "கடல்லேர்ந்துதான்" என்று பதில் வந்தால் அது பதில் இல்லை. எந்தக் கழிமுகம், எந்தத் திட்டு, எப்போது எடுத்தது என்று சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் எடுப்பவரை நேரில் அறிந்தவராக இருப்பார், அவரிடம் எப்படி எடுத்தார்கள், இப்போது தடைக்காலமா என்று அடுத்ததைக் கேட்கலாம். தெரியாது என்றால் சண்டை போட வேண்டாம், வாங்காமல் வாருங்கள். வாரம் நான்கு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் ஐந்தாவது வாரம் அவரே விசாரித்துவைத்திருப்பார்.

உறையவைத்தது, டப்பாவில் அடைத்தது?

தாராளமாக வாங்கலாம், சில சமயம் தகவல் அதில்தான் அதிகம் கிடைக்கும். அறிவியல் பெயர், பிடித்த பகுதி, முறை ஆகியவற்றைத் தேடுங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு உலகக் கடல்களைப் பகுதி பிரித்து எண் கொடுத்திருக்கிறது, பொட்டலத்தில் 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 என்றால் கிழக்கு. இத்தனை பெரிய பரப்பைச் சொல்வது "கடல்லேர்ந்துதான்" என்பதைவிடக் கொஞ்சம்தான் மேல், ஆனாலும் ஒன்றுமே எழுதாததற்கு இது தேவலை.

இறால், நண்டு, சிங்கி இறாலுக்கும் இதே விதிகள்தானா?

இல்லை. வெப்பக் கடல்களில் இழுவை மடி போட்டுப் பிடிக்கும் இறாலோடு சேர்ந்து வரும் மற்ற உயிர்களின் எடை இறாலைப்போலப் பல மடங்கு ஆகிவிடுவது சாதாரணம், ஆமையும் அதில் சிக்கும். மடியில் ஆமை தப்பிக்கும் சாதனம் பொருத்தியதா என்று பார்க்க வேண்டும். வளர்ப்பு இறால் என்றால் பண்ணைக்காகச் சதுப்புநிலக் காட்டை வெட்டினார்களா என்பது முதல் கேள்வி.

நண்டும் சிங்கி இறாலும் கூண்டு வைத்துப் பிடித்தால் நல்லது, வேண்டாததை உயிரோடு திரும்ப விடலாம். வயிற்றின் கீழே முட்டைக் கொத்தோடு இருக்கும் பெட்டையை எந்தக் காரணம் சொன்னாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் முட்டையோடு சிக்கிய பெண் சிங்கி இறாலின் வால் துடுப்பில் ஆப்பு வடிவில் ஒரு சின்ன வெட்டு போட்டுக் கடலில் விடுவார்கள், அடுத்த முறை முட்டை இல்லாமல் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டும், நல்ல தாய் என்று அதற்கு அடையாள அட்டை கொடுத்த மாதிரி.

அப்படியானால் தொடவே கூடாதது என்று எதுவும் உண்டா?

ராட்சத மட்டி. பவளப்பாறையில் வாழும் அந்தப் பெரிய மட்டிகள் 1980-களிலேயே சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்துவிட்டன. கரீபியன் ராணிச் சங்கு 1992-இல் அதே பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் இருப்பதாலேயே விற்கக் கூடாது என்று ஆகாது, அனுமதிக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தை ஒரு வாடிக்கையாளர் பார்த்து உறுதி செய்வது நடக்கிற காரியமா? நான் விட்டுவிடுவேன். கடலில் தானாக வளர்ந்த அபலோனும் அப்படித்தான், உலகம் முழுக்க அதில் திருட்டுப் பிடிப்பு அதிகம், வேண்டுமென்றால் வளர்த்தது இருக்கிறது.

கடலுக்குக் கெடுதல் இல்லாமல் எடுத்தது என்றால் உடம்புக்கும் நல்லதுதானே?

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இதில் உயிர் போகும். அழகாகக் கையால், சரியான அளவில், சரியான காலத்தில் எடுத்த மட்டியும் விஷமாக இருக்கலாம். அது வடிகட்டித் தின்னும் பிராணி, தண்ணீரில் எது இருந்தாலும் அதன் உடம்பில் சேரும். சில நுண்பாசிகள் பெருகும்போது சாக்சிடாக்சின் போன்ற நச்சு சேரும், அது கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, ருசியிலோ வாசனையிலோ தெரியவும் தெரியாது. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் விளைந்த மஸலைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது, சிலருக்கு நினைவாற்றலே போய்விட்டது. டொமோயிக் அமிலம் என்ற பாசி நச்சுதான் காரணம். மறு ஆண்டு ஷாங்காயில் சாக்கடை கலந்த நீரிலிருந்து வந்த மட்டியைச் சரியாக வேகவைக்காமல் தின்றதில் சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை.

ஆகவே திரும்பவும் அதே கேள்விதான், எந்தத் தண்ணீர். யாராவது அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து சோதிக்கிறார்களா? சுத்தமான நீரில் ஒன்றிரண்டு நாள் வைத்துக் கழுவிவிட்டோம் என்பார்கள், அது கிருமியை ஓரளவு குறைக்கும், பாசி நச்சுக்கும் கன உலோகத்துக்கும் அது மருந்து இல்லை. வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலை: வாய் திறந்திருக்கும் மட்டியை விரலால் சுண்டுங்கள், மெதுவாக மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாவிட்டால் தூக்கிப் போடுங்கள். உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் இது சோதனை, விஷம் இல்லை என்பதற்கு அல்ல.

நானே போய்ப் பொறுக்கலாமா?

அந்தப் பகுதி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அங்குள்ள மீன்வளத் துறையிடம் அன்றைக்கே விசாரித்துவிட்டுப் போங்கள், போன வாரத் தகவல் செல்லாது. பெருமழை பெய்த அடுத்த சில நாள்களில் வேண்டவே வேண்டாம், ஊர் அழுக்கெல்லாம் கழிமுகத்துக்கு வந்திருக்கும். குறைந்தபட்ச அளவு என்ன என்று கேட்டு ஒரு அட்டையில் அந்த அளவுக்கு வெட்டு வைத்து எடுத்துப் போனால் சந்தேகமே வராது. தோண்டிய குழியை மூடிவிடுங்கள், திறந்து கிடந்தால் பக்கத்திலிருக்கும் குஞ்சு வெயிலில் காயும்.

அலை திரும்பும் நேரம் தெரியாமல் இறங்காதீர்கள். 2004 பிப்ரவரி 5 இரவில் இங்கிலாந்தின் மோர்கேம்ப் விரிகுடாவில் கொக்கிள் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏறி வந்த கடலில் சிக்கி இறந்தார்கள். ஆள்பிடிப்பவர்கள் அற்பக் கூலிக்கு இருட்டில் இறக்கிவிட்ட கூட்டம் அது. அதே ஆண்டு அங்கே ஆள்பிடிப்பவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. மலிவாகக் கிடைக்கும் மட்டியைப் பார்த்தால் எனக்கு மண்ணின் கணக்கோடு இந்தக் கணக்கும் ஞாபகம் வரும்.

சாப்பிட்ட பிறகு ஓட்டை என்ன செய்வது?

குப்பைக்குப் போவதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஆய்ஸ்டர் குஞ்சு தண்ணீரில் கொஞ்ச நாள் மிதந்துவிட்டு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும், அதற்கு மிகவும் பிடித்த இடம் பழைய ஆய்ஸ்டர் ஓடுதான். உலகத்தின் ஆய்ஸ்டர் திட்டுகளில் 85 சதவீதம் அழிந்துவிட்டதாக 2011-இல் வந்த ஒரு கணக்கீடு சொன்னது. திட்டை மீட்கும் வேலை நடக்கும் இடங்களில் உணவகங்களிலிருந்து ஓட்டைச் சேகரித்து, மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, பிறகு கடலில் கொட்டுகிறார்கள். காயவைக்காமல் நீங்களாகப் போய்க் கொட்டிவிடாதீர்கள், எங்கேயோ வளர்ந்த ஓட்டிலிருக்கும் நோய்க்கிருமி இங்கே இறங்கிவிடும். சேகரிப்பவர்கள் அருகில் இல்லை என்றால் நன்றாகக் கழுவி, உப்புப் போக ஊறவைத்து, நொறுக்கித் தோட்ட மண்ணில் கலக்கலாம், அமிலத்தன்மை கூடிய மண்ணுக்கு அதன் சுண்ணாம்பு நல்லது. ஓட்டின் விளிம்பு கண்ணாடி மாதிரி வெட்டும், சாக்கில் கட்டிச் சுத்தியலால் தட்டுங்கள்.